பித்தப்பைக் கல்: வார்டில் தினமும் காதில் விழும் கேள்விகளும் என் பதில்களும்

பதினாறு வருடமாக அறுவை சிகிச்சை வார்டில் செவிலியராக வேலை பார்க்கிறேன். காலை ரவுண்ட்ஸில் டாக்டர் பேசிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்ததும், “சிஸ்டர், ஒரு நிமிஷம்” என்று மெதுவாக ஒரு குரல் வரும். டாக்டரிடம் கேட்கத் தயங்கிய சந்தேகம் அப்போதுதான் வெளியே வரும். பித்தப்பைக் கல்லோடு வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இந்த இருபத்து மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். அவர்கள் கேட்டபடியே எழுதியிருக்கிறேன். உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

1. பித்தப்பை எங்கே இருக்கு? அது என்ன வேலை செய்யுது?

வலது பக்கம், விலா எலும்பு முடிகிற இடத்தில், கல்லீரலின் அடியில் ஒட்டிக்கொண்டு இருக்கும். பிஞ்சுக் கத்தரிக்காய் அளவு, அதே உருவம். 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளம். 30 முதல் 50 மில்லி கொள்ளும்.

முதலில் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள்: பித்தநீரைச் சுரப்பது கல்லீரல். ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை சுரந்துகொண்டே இருக்கும். பித்தப்பை அதில் ஒரு பங்கை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிக் கெட்டியாக்கி, சேர்த்து வைக்கிறது. நாம் நெய்யோ எண்ணெயோ சேர்ந்த சாப்பாடு சாப்பிட்டால், முன்சிறுகுடலிலிருந்து ஒரு ஹார்மோன் புறப்பட்டு வரும். உடனே பை சுருங்கி, பித்தநீரைக் குடலுக்கு அனுப்பும். அது கொழுப்பைப் பொடிப்பொடியாகப் பிரித்துச் செரிக்க உதவும்.

குழாய்களையும் சொல்லிவிடுகிறேன். கல்லீரலிலிருந்து ஒரு குழாய், பையிலிருந்து ஒரு சின்னக் குழாய், இரண்டும் சேர்ந்து பொதுப் பித்தக்குழாய். அது கீழே இறங்கி, கணையத்திலிருந்து வரும் குழாயோடு சேர்ந்து, பெரும்பாலானவர்களுக்கு ஒரே வாசல் வழியாகக் குடலுக்குள் திறக்கும். இந்தப் படம் மனதில் இருந்தால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

2. உடம்புல பித்தம் ஜாஸ்தியானதால கல் வந்துச்சுன்னு எங்க அத்தை சொல்றாங்க. நெசமா?

வாதம், பித்தம், கபம் என்று சித்த மருத்துவம் சொல்லும் பித்தம் வேறு. அது உடம்பின் தன்மையைப் பற்றிய ஒரு கணக்கு. இங்கே நாம் பேசுவது கிண்ணத்தில் பிடித்து வைக்கக்கூடிய, மஞ்சள் கலந்த பச்சை நிறத் திரவம். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம் இது. தலைசுற்றலுக்கும் காலைக் குமட்டலுக்கும் “பித்தம்” என்று சொல்வதற்கும் இந்தக் கல்லுக்கும் நேர்த் தொடர்பு கிடையாது.

பித்தநீர் அதிகமாகச் சுரப்பதால் கல் வருவதில்லை. அதில் கரைந்திருக்க வேண்டிய பொருட்களின் விகிதம் கெடுகிறது. கொலஸ்ட்ரால் கூடினாலோ, அதைக் கரைத்து வைக்கும் பித்த உப்பு குறைந்தாலோ, பை சரியாகச் சுருங்காமல் தேங்கினாலோ, அடியில் மண்டி படிந்து நாளடைவில் கல்லாக இறுகும்.

3. கிட்னி கல்லும் இதுவும் ஒண்ணுதானே? வாழைத்தண்டு சாறு குடிச்சா போயிடாதா?

இல்லை. சிறுநீரகக் கல் பெரும்பாலும் கால்சியம் உப்பு. அது சிறுநீர்ப் பாதையில் இருப்பதால் தண்ணீர் நிறையக் குடித்தால் சின்னக் கல் சிறுநீரோடு இறங்கிவிடும். பித்தப்பைக் கல் கொலஸ்ட்ராலாலோ நிறமியாலோ ஆனது. பித்தப்பைக்கும் சிறுநீர்ப் பாதைக்கும் எந்த வழியும் இல்லை. வாழைத்தண்டு நல்ல காய்தான், பொரியல் செய்து தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதை நம்பி ஆறு மாதம் தள்ளிப்போடாதீர்கள். அப்படித் தள்ளிப்போட்டு, கடைசியில் காய்ச்சலோடு ஸ்ட்ரெச்சரில் வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

4. எனக்கு ஏன் வரணும்? நான் எண்ணெய்ப் பலகாரமே தொடுறதில்லையே.

இதைக் கேட்கிறவர்களின் குரலில் ஒரு குற்ற உணர்வு இருக்கும், அதனால் அழுத்திச் சொல்கிறேன்: நீங்கள் சாப்பிட்டதுதான் ஒரே காரணம் என்று எண்ண வேண்டாம். பெண்களுக்கு இது அதிகம் வரும். ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்ட்ராலைக் கூட்டுகிறது. கர்ப்ப காலத்தில் பை மந்தமாகச் சுருங்குகிறது. இரண்டு மூன்று பிரசவம் ஆனவர்கள், கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், உடல் எடை கூடியவர்கள், சர்க்கரை உள்ளவர்கள், குடும்பத்தில் ஏற்கெனவே கல் உள்ளவர்கள், வயதானவர்கள் எல்லாருக்கும் வாய்ப்பு கூடுதல்.

பலருக்குத் தெரியாத ஒரு காரணம், வேகமாக எடை குறைப்பது. பட்டினி கிடந்து சில மாதத்தில் பத்துப் பதினைந்து கிலோ இறக்கினால், கொழுப்பு கரைந்து கொலஸ்ட்ரால் பித்தநீருக்குள் போகிறது. சாப்பாடு இல்லாததால் பையும் சுருங்குவதில்லை. எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்குப் பிறகு கல் வருவதும் இப்படித்தான். மெதுவாகக் குறையுங்கள்.

கருப்பு நிறமிக் கல் வேறு வழியில் வரும். தலசீமியா, அரிவாள் செல் சோகை போல ரத்தச் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடையும் நோய்களில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி அதிகமாகி, அதுவே கல்லாகிறது. சின்னப் பிள்ளைக்குப் பித்தப்பைக் கல் என்றால் டாக்டர் ரத்த நோயைத் தேடுவது இதனால்தான். வட இந்தியாவில் கொலஸ்ட்ரால் கற்களே பெரும்பான்மை. நம் பக்கம் நிறமிக் கற்களும் கலப்புக் கற்களும் கணிசமாகவே இருக்கின்றன.

5. வலியே இல்லை. வேற எதுக்கோ ஸ்கேன் எடுத்தப்போ கல் இருக்குன்னு போட்டிருக்கு. ஆபரேஷன் பண்ணியே ஆகணுமா?

பெரும்பாலும் வேண்டாம். கல் இருப்பவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு வாழ்நாள் முழுக்கத் தொந்தரவே வருவதில்லை. தொந்தரவில்லாத கல் வலி கொடுக்க ஆரம்பிப்பது வருடத்துக்கு நூற்றில் ஒருவர், இருவர் என்ற கணக்கில்தான். ரிப்போர்ட்டில் ஒரு வரி இருக்கிறது என்பதற்காக மட்டும் கத்தி வைக்கத் தேவையில்லை.

சிலருக்கு மட்டும் வலி இல்லாவிட்டாலும் எடுக்கச் சொல்வார்கள்: கல் 3 சென்டிமீட்டருக்கு மேல் இருப்பவர்கள், கல்லோடு ஒரு சென்டிமீட்டர் அளவுக்குப் பாலிப் (பையின் உள்சுவரில் முளைக்கும் சின்னச் சதை) உள்ளவர்கள், பையின் சுவரில் சுண்ணாம்பு படிந்தவர்கள், மேலே சொன்ன ரத்த நோய் உள்ளவர்கள். முதல் மூன்றிலும் புற்றுநோய் பயம் கொஞ்சம் உண்டு. “எனக்கு இதில் ஏதாவது இருக்கிறதா?” என்று டாக்டரிடம் நேராகவே கேளுங்கள்.

6. கேஸ் வலிக்கும் கல் வலிக்கும் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

கல் வலி மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழேயோ பிடிக்கும். விட்டுவிட்டு வராது. ஏறி, அப்படியே நின்று, அரை மணி நேரமாவது இருந்து, சில மணி நேரத்தில் இறங்கும். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகோ, நடு ராத்திரியிலோ எழுப்பிவிடும். கூடவே வாந்தி. நோயாளி ஒரு பக்கமும் சாய முடியாமல் உட்கார்ந்தும் எழுந்தும் தவிப்பார். ஏப்பம் விட்டாலும், மலம் கழித்தாலும், ஜெலுசில் குடித்தாலும் அடங்காது. ஏப்பம், உப்புசம், நெஞ்செரிச்சல் மட்டும் இருந்தால் அது பெரும்பாலும் கல்லால் வந்ததல்ல. அதற்காகப் பையை எடுத்தால் அந்த உப்புசம் அப்படியே இருக்கும், பிறகு ஏமாற்றமாகும்.

ஒரு எச்சரிக்கை. மேல்வயிற்று வலி மாரடைப்பாகவும் இருக்கலாம். ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர், கல் வலிதான் என்று வீட்டில் இரண்டு சோடா குடித்துவிட்டு, சட்டை முழுக்க வியர்வையோடு எங்கள் அவசரப் பிரிவுக்கு நடந்தே வந்தார். ஈசிஜியில் மாரடைப்பு. ஸ்கேனில் கல்லும் இருந்தது! வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் முதலில் ஈசிஜி.

7. கல் வயித்துல இருக்கு, வலி ஏன் தோள்பட்டையில அடிக்குது?

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குப் போகும் நரம்பு கழுத்திலிருந்து இறங்குகிறது. தோள்பட்டைத் தோலின் உணர்வும் அதே கழுத்துப் பகுதித் தண்டுவடத்துக்குத்தான் போகிறது. பையைச் சுற்றி எரிச்சல் வந்தால் எங்கிருந்து செய்தி வருகிறது என்று மூளை குழம்பிவிடும். தோளில் தைலம் தேய்த்து ஒரு வருடம் ஓட்டியவர்கள் உண்டு.

8. எப்போ உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டினால். காய்ச்சலோ, பல் கிட்டும் குளிரோ வந்தால். கண் மஞ்சளானால். சிறுநீர் கட்டன் டீ நிறத்திலும் மலம் வெளுத்தும் போனால். வாந்தி நிற்காமல் தண்ணீர்கூடத் தங்காவிட்டால். வலி பெல்ட் கட்டியதுபோல் முதுகுக்குச் சுற்றினால். வயதானவர் திடீரென்று பேச்சுக் குழறி மந்தமானால்.

முதல் கேள்வியின் குழாய்ப் படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கல் பையின் கழுத்தில் சிக்கிக்கொண்டால் பை வீங்கும், சீழ் பிடிக்கும். பொதுப் பித்தக்குழாயில் சிக்கினால் காமாலை. அங்கே தேங்கிய பித்தநீரில் கிருமி சேர்ந்தால் குளிர் காய்ச்சல், அது ரத்தத்தில் கலந்தால் மணிக்கணக்கில் உயிருக்கு ஆபத்து. கடைசி வாசலில் சிக்கினால் கணையமும் அடைபட்டு வீங்கும். இவை எதுவும் “காலையில் பார்த்துக்கலாம்” என்று விடக்கூடியவை அல்ல.

9. மஞ்சக்காமாலைன்னு கீழாநெல்லி குடுத்துட்டு இருக்கோம். பத்து நாள் பார்க்கலாமா?

பார்க்காதீர்கள். காமாலை என்பது ஒரு நோயின் பெயரல்ல, அறிகுறி. வைரஸால் வந்த காமாலை பெரும்பாலும் தானாகவே சில வாரத்தில் இறங்கிவிடும். அந்த நேரத்தில் எது கொடுத்திருந்தாலும் அதற்குத்தான் பெயர் போகும். குழாய் அடைப்பால் வந்த காமாலை எந்த இலையாலும் இறங்காது. அடைப்பை எடுத்தால்தான் இறங்கும்.

மலத்தின் நிறத்தைப் பாருங்கள். பித்தநீர் குடலுக்கு வந்தால்தான் மலத்துக்கு அந்த மஞ்சள் பழுப்பு நிறம். அடைப்பு இருந்தால் சாம்பல் கலந்த களிமண் போல வெளுத்திருக்கும். உடம்பு முழுக்க, முக்கியமாக உள்ளங்கை, உள்ளங்காலில் அரிப்பு எடுக்கும். கண்ணை டியூப்லைட்டில் பார்க்காமல் பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் நிறுத்தி, மேல் இமையைத் தூக்கிப் பாருங்கள். அன்றைக்கே ரத்தப் பரிசோதனையும் வயிற்று ஸ்கேனும் எடுத்துவிடுங்கள்.

10. சிடி ஸ்கேன்ல கல் இல்லைன்னு வந்துச்சு, சாதா ஸ்கேன்ல இருக்குன்னு வருது. எதை நம்புறது?

இந்த விஷயத்தில் சாதா ஸ்கேன், அதாவது அல்ட்ராசவுண்ட்தான் கெட்டி. பித்தப்பைக்குள் இருக்கும் கல்லை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை அது பிடித்துவிடும். கொலஸ்ட்ரால் கல்லின் அடர்த்தி பித்தநீரை ஒட்டியே இருப்பதால் சிடியில் மறைந்துபோவது சகஜம். எக்ஸ்ரேயில் இன்னும் குறைவாகத்தான் தெரியும். ஸ்கேனுக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பிடாமல் வரச் சொல்வதற்குக் காரணம், சாப்பிட்டால் பை சுருங்கிவிடும், உள்ளே பார்க்க முடியாது. ஒரு காபி குடித்தாலும் சொல்லிவிடுங்கள். கல் குழாய்க்குள் இறங்கியிருக்கும் சந்தேகம் வந்தால் எம்ஆர்சிபி, அதாவது பித்தக்குழாய்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள்.

11. 4 மில்லிமீட்டர்தான். சின்னக் கல்லுன்னா பயமில்லைதானே?

பெரிய கல் பையை விட்டு வெளியே போக முடியாது. சின்னக் கல்தான் நழுவிக் குழாய்க்குள் இறங்கும். கணைய வீக்கத்தோடு வருபவர்களின் ஸ்கேனில் பெரும்பாலும் பார்ப்பது மணல் போலப் பொடிக் கற்களை. அதனால் அளவை வைத்து மட்டும் நிம்மதியோ பயமோ அடையாதீர்கள். வலி வந்ததா, எத்தனை முறை வந்தது என்பதுதான் கேள்வி. ஒரு முறை வலி வந்துவிட்டால் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அப்போது அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேச வேண்டிய நேரம்.

12. கரைக்கிற மாத்திரை இருக்காமே? கிட்னி கல்லை உடைக்கிற மாதிரி உடைக்க முடியாதா?

உர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை உண்டு. சுண்ணாம்பு படியாத கொலஸ்ட்ரால் கல்லாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், பை ஒழுங்காகச் சுருங்க வேண்டும். அப்போதும் ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை தினமும் விழுங்க வேண்டும். கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்து வருடத்துக்குள் கல் திரும்ப வருகிறது. அறுவை சிகிச்சை தாங்காத உடம்புக்கு அதைக் கொடுப்பதுண்டு.

அதிர்வலையால் உடைப்பதையும் 1985-இல் ஜெர்மனியின் மியூனிக்கில் முயன்றார்கள். உடைந்தது. ஆனால் துண்டுகள் குழாயில் போய்ச் சிக்கின, கல் மறுபடியும் வந்தது. அதனால் பித்தப்பைக் கல்லுக்கு அந்த வழி ஏறக்குறைய கைவிடப்பட்டது. “லேசரில் பண்ணுகிறோம்” என்று விளம்பரத்தில் பார்த்தால், பையை எடுக்கப் போகிறார்களா, கல்லை மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

13. ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடிச்சு, பச்சைப் பச்சையா கல் வெளியே வந்த வீடியோ பார்த்தேன் சிஸ்டர்.

பச்சை உருண்டை வெளியே வருவது உண்மை, ஆனால் அது கல் அல்ல. எண்ணெய் குடலில் உடைந்து, எலுமிச்சைச் சாற்றின் பொட்டாசியத்தோடு சேர்ந்து சோப்பாகிறது. 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் அப்படிப்பட்ட உருண்டைகளைச் சோதித்த விவரம் வந்தது. அதில் கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. கல் கல்லாகவே உள்ளே இருக்கும். போதாததற்கு, அவ்வளவு எண்ணெயை ஒரே மூச்சில் குடித்தால் பை பலமாகச் சுருங்கி, ஒரு கல்லைக் குழாய்க்குள் தள்ளிவிடவும் கூடும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

14. கல்லை மட்டும் எடுத்துட்டு பையை விட்டுடக் கூடாதா?

அதைத்தான் முதலில் செய்தார்கள். 1867-இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் ஜான் பாப்ஸ் என்ற மருத்துவர் பையைத் திறந்து கற்களை எடுத்துவிட்டுத் தைத்தார். அப்படிச் செய்தவர்களுக்குக் கல் திரும்பத் திரும்ப வந்தது. பெர்லினில் கார்ல் லாங்கன்பூஹ் வேறு மாதிரி யோசித்தார்: கல்லை உருவாக்கும் இடமே அந்தப் பைதான், அதை விட்டுவைத்தால் எப்படி? 1882 ஜூலை 15 அன்று, பதினாறு வருடமாக வலியில் துடித்த 43 வயது மனிதர் ஒருவரின் பித்தப்பையை முழுதாக எடுத்தார். அவர் பிழைத்தார். இன்றுவரை அந்த முறைதான்.

15. பை இல்லாம சாப்பாடு எப்படிச் செரிக்கும்?

1-வது பதிலைப் பாருங்கள்: சுரப்பது கல்லீரல். பை போனபிறகு பித்தநீர் சேர்ந்து நிற்காமல் சொட்டுச் சொட்டாக நேரே குடலுக்குப் போகும். அன்றாடச் சாப்பாட்டுக்கு அது போதும். குதிரைக்கும் எலிக்கும் பித்தப்பையே கிடையாது, நன்றாகத்தான் வாழ்கின்றன.

முதல் சில வாரம் எண்ணெயும் நெய்யும் குறைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சாப்பிடுங்கள். இட்லி, இடியாப்பம், ரசம் சாதம், மோர், பருப்பு என்று தொடங்கி, ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பாருங்கள். சிலருக்குச் சாப்பிட்டதும் வயிறு இளகும். பெரும்பாலும் நாளாக நாளாகச் சரியாகிவிடும், நீடித்தால் மருந்து உண்டு. வாழ்நாள் முழுக்கப் பத்தியம் கிடையாது. பேரன் கல்யாணத்தில் மட்டன் பிரியாணி சாப்பிட்டதை ஃபோன் போட்டுச் சொன்ன பாட்டி எனக்கு உண்டு.

16. ஓட்டை போட்டுப் பண்றாங்கன்னா உள்ளே என்னதான் நடக்குது?

முழு மயக்கம் கொடுப்பார்கள், எதுவும் தெரியாது. தொப்புளில் ஒரு சின்ன வெட்டு. அதன் வழியாகக் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்தி வயிற்றைக் கூடாரம்போல் உயர்த்துவார்கள். இந்த வாயு தீப்பிடிக்காது, மிச்சமானதை ரத்தம் உறிஞ்சி மூச்சில் வெளியேற்றிவிடும். தொப்புள் வழியாகக் கேமரா போகும். நெஞ்செலும்புக்குக் கீழே ஒன்று, வலது பக்கம் இரண்டு என மொத்தம் நான்கு துளை. இரண்டு சுமார் 10 மில்லிமீட்டர், இரண்டு சுமார் 5.

திரையில் முதலில் கல்லீரலின் செம்பழுப்பு விளிம்பு தெரியும். அதை மேலே தூக்கினால் அடியில் பை, நல்ல நிலையில் இருந்தால் நீலம் கலந்த பச்சையாகப் பளபளக்கும். வீங்கியிருந்தால் சிவந்து, சுற்றியுள்ள கொழுப்பெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்துத்தான் மொத்த ஆபரேஷனின் உயிர்நாடி. பையின் குழாயையும் பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியையும் அடையாளம் காண வேண்டும். அவை இருக்கும் முக்கோணத்துக்கு காலோ முக்கோணம் என்று பெயர். அங்கே கொழுப்பைத் துளித்துளியாக விலக்கி, பைக்குள் போவது இரண்டே இரண்டு உருப்படிதான் என்று கண்ணால் உறுதி செய்யும் வரை எதையும் வெட்ட மாட்டார்கள். அந்த நேரத்தில் தியேட்டரில் யாரும் பேச மாட்டோம். உறுதியானதும் டைட்டானியம் கிளிப் போட்டு, நடுவில் வெட்டி, பையைக் கல்லீரலிலிருந்து உரித்து, ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, துளை வழியாக வெளியே எடுப்பார்கள். சிக்கல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரத்தை ஒட்டி முடியும்.

இந்த முறையை முதலில் செய்தவர் எரிக் மூஹெ, ஜெர்மனியின் போப்லிங்கனில், 1985 செப்டம்பர் 12. இந்தியாவில் டெஹெம்டன் உத்வாடியா 1990-இல் மும்பையில் செய்தார்.

17. ஓட்டைன்னு சொல்லிட்டு வயித்தைத் திறந்துட்டாங்க. ஏதோ தப்பு நடந்துடுச்சா?

தியேட்டர் வாசலில் காத்திருக்கும் வீட்டார் அதிகம் பதறுவது இதற்குத்தான். உள்ளே பை கடுமையாக ஒட்டியிருந்து, 16-இல் சொன்ன அந்த முக்கோணம் தெளிவாகத் தெரியாவிட்டால், ஓப்பனாக மாற்றுவதுதான் நல்ல சர்ஜனின் முடிவு. தெரியாமல் வெட்டினால் பொதுப் பித்தக்குழாய் அறுபடலாம். அப்படி நடப்பது ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஐந்து பேருக்கு. நடந்தால் அதைச் சரிசெய்வது பெரிய வேலை. விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு அதைவிட ஆயிரம் மடங்கு மேல். சம்மதப் படிவத்தில் இந்த வரியும் இருக்கும், கையெழுத்துக்கு முன் படித்துக் கேளுங்கள்.

18. சர்க்கரைக்கும் ரத்தம் உறையாம இருக்கவும் மாத்திரை சாப்பிடுறேன். நானே நிறுத்திட்டு வந்துடவா?

கூடவே கூடாது. ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் சிலதைப் பல நாள் முன்பே நிறுத்த வேண்டும், சிலதைத் தொடர வேண்டும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்துவிடும். சர்க்கரை மாத்திரையிலும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகையை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். எல்லா அட்டைகளையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். லேகியம், சூரணம் சாப்பிட்டாலும் மறைக்காதீர்கள்.

பட்டினி: திட உணவு ஆறு மணி நேரம் முன்பு வரை, வெறும் தண்ணீர் இரண்டு மணி நேரம் முன்பு வரை என்பது பொதுக் கணக்கு. உங்களுக்குச் சொன்ன நேரம்தான் செல்லும். “ஒரு வாய் பால்தானே” என்று கொடுத்துவிடாதீர்கள். மயக்கத்தில் அது நுரையீரலுக்குள் போகும்.

19. பை வீங்கி அட்மிட் ஆகியிருக்கேன். ஒரு டாக்டர் இப்பவே எடுக்கணும்ங்கிறார், இன்னொருத்தர் ஆறு வாரம் கழிச்சுங்கிறார்.

முன்பெல்லாம் மருந்தால் வீக்கத்தை அடக்கி அனுப்பிவிட்டு, ஆறு வாரம் கழித்து வரச் சொல்வது வழக்கம். இப்போது, உடம்பு தாங்குமென்றால், முதல் சில நாட்களுக்குள், கூடுமானவரை 72 மணி நேரத்துக்குள் எடுப்பதையே விரும்புகிறார்கள். காத்திருக்கும் வாரங்களில் திரும்ப வலி வந்து அட்மிட் ஆகிறவர்கள் பலர். வலி தொடங்கி ரொம்ப நாள் ஆகிவிட்டாலோ, இதயம் பலவீனமாக இருந்தாலோ காத்திருப்பது சரியாக இருக்கும். “வலி எந்த நாள், எந்த நேரம் ஆரம்பித்தது” என்று நாங்கள் துருவிக் கேட்பது இதற்காகத்தான்.

20. வாய் வழியா குழாய் விட்டுக் கல்லை எடுத்துட்டாங்களே, இன்னும் எதுக்கு ஆபரேஷன்?

அது இ.ஆர்.சி.பி. அதில் எடுத்தது பொதுப் பித்தக்குழாயில் இறங்கிய கல்லை. பையும் அதில் இருக்கும் மற்ற கற்களும் அப்படியே இருக்கின்றன, அடுத்தது எப்போது வேண்டுமானாலும் இறங்கலாம்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இ.ஆர்.சி.பி.யில் பலருக்கு, பித்தக்குழாய் அடைக்காமல் இருக்க ஒரு பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைப்பார்கள். பேனா ரீஃபிள் போல இருக்கும். அது சுமார் மூன்று மாதத்துக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டியது. வேறு ஊரில் வைத்துக்கொண்டு, காமாலை இறங்கியதும் மறந்துபோய், இரண்டு வருடம் கழித்து உடம்பு தூக்கிப்போடும் குளிரோடு வந்த ஒரு அம்மாவை நான் பார்த்துக்கொண்டேன். வெளியே எடுத்த ஸ்டென்ட் முழுக்கக் கறுத்து, அதைச் சுற்றிப் புதுக் கல்லே கட்டியிருந்தது. அவருடைய டிஸ்சார்ஜ் சீட்டில் தேதி எழுதித்தான் இருந்தது, யாரும் வாயால் சொல்லவில்லை. இப்போது என் வார்டிலிருந்து ஸ்டென்ட்டோடு போகிற ஒவ்வொருவரின் மகனிடமோ மகளிடமோ அந்தத் தேதியை ஃபோனில் அலாரமாக வைக்கச் சொல்லி, வைத்ததைக் காட்டச் சொல்கிறேன்.

21. என் பொண்ணு அஞ்சு மாசக் கர்ப்பம். கல் வலி வந்துடுச்சு. குழந்தைக்கு ஆகாதுன்னு பொறுத்துக்கலாமா?

சாதாரண வலி மருந்தில் அடங்கினால் காத்திருக்கலாம். அடிக்கடி வந்தாலோ, 8-வது பதிலில் சொன்ன அறிகுறிகள் இருந்தாலோ காத்திருப்பதுதான் தாய்க்கும் குழந்தைக்கும் ஆபத்து. கர்ப்பத்திலும் லேப்ராஸ்கோப்பி, அதாவது 16-இல் சொன்ன துளை ஆபரேஷன் செய்கிறார்கள். வசதியான காலம் நடு மூன்று மாதங்கள், அதாவது உங்கள் மகள் இப்போது இருக்கும் காலம். மகப்பேறு டாக்டரும் சர்ஜனும் சேர்ந்து முடிவெடுக்கட்டும். அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் குழந்தைக்குக் கெடுதல் செய்யாது.

22. ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு நாளாச்சு. என்னவெல்லாம் சகஜம், எதுக்குப் பயப்படணும்?

தோள்பட்டை வலி சகஜம். காரணம் 7-இல் சொன்னதேதான், இந்த முறை தூண்டுவது மிச்ச வாயு. எழுந்து நடந்தால் சீக்கிரம் போகும். தொப்புள் பக்கம் கன்றிப்போவது, லேசான குமட்டல், களைப்பு எல்லாம் சில நாளில் சரியாகும். ஒன்றிரண்டு நாளில் வீட்டுக்கு, ஒரு வாரத்தில் லேசான வேலைக்கு. தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் மட்டும் நான்கு முதல் ஆறு வாரம் தூக்க வேண்டாம். உள்ளே இருக்கும் கிளிப்பை எடுக்கத் தேவையில்லை. பிற்பாடு எம்ஆர்ஐ எடுக்க நேர்ந்தாலும் டைட்டானியம் தொந்தரவு செய்யாது, சொல்லிவிட்டால் போதும்.

நாளுக்கு நாள் குறைய வேண்டிய வலி கூடினால், வயிறு உப்பிக் கல்போல் இறுகினால், காய்ச்சல், காமாலை, துளையிலிருந்து பச்சை அல்லது மஞ்சள் நீர் வந்தால் அன்றே திரும்ப வாருங்கள். பித்தநீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பை எடுத்த பிறகும் குழாயில் கல் தங்கியிருக்கலாம், அபூர்வமாகப் புதிதாகவும் உருவாகலாம். அதனால் வருடம் கழித்து அதே வலியோ காமாலையோ வந்தால், “பைதான் எடுத்தாச்சே” என்று விட்டுவிடாதீர்கள்.

23. எடுத்த பையை டெஸ்ட்டுக்கு அனுப்பினாங்க, கேன்சர்னு சந்தேகமா? கல்லையாவது வீட்டுக்குக் கொண்டு போகலாமா?

எடுத்த பையைப் பரிசோதனைக்கு அனுப்புவது வழக்கம், சந்தேகம் இருந்தால் மட்டும் அல்ல. வெகு சிலருக்கு, முன்கூட்டியே தெரியாத புற்றுநோய் அதில்தான் தென்படும். அதனால் தையல் பார்க்க வரும்போது அந்த ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். “நார்மல்” என்றிருந்தாலும் ஃபைலில் வையுங்கள்.

கல்லைக் கேட்டால் பெரும்பாலும் ஒரு சின்ன டப்பாவில் போட்டுத் தருவோம். கொலஸ்ட்ரால் கல் வெளிர்மஞ்சளாக, மெழுகு போல இருக்கும். பல கற்கள் ஒரே பையில் நெருங்கிக் கிடந்தால் ஒன்றோடொன்று அழுந்திப் பட்டை தீட்டியதுபோலச் சப்பையான முகங்கள் வந்துவிடும். நிறமிக் கல் மிளகைத் தட்டிப்போட்டதுபோல் கறுப்பாக, விரலால் நசுக்கினால் உதிரும். போன மாதம் ஒரு அம்மா டப்பாவைக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். நாற்பத்திரண்டு கல். ஒவ்வொன்றாக எண்ணி முடித்துவிட்டு, “இதுங்களை உள்ளே வெச்சுக்கிட்டா மூணு வருஷம் களை எடுத்தேன்?” என்று கேட்டார். டப்பாவை நன்றாக மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைக்கச் சொல்லி அனுப்பினேன்.